தகரச் சுவருக்கு வெளியே

மெஹராஜ் விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளுக்குச் சற்று முன்னால் ஆக்சிஜன் மெஷின் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட இல்லை.

அமீர் ஹம்சா அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிருக்காகக் கட்டவில்லை. ராத்திரி முழுக்க அவள் முதுகை நீவிவிட்ட கை அது. பழக்கத்தில் நீண்டுவிடக்கூடாதே என்றுதான் கட்டிக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்த ராவுத்தர் குடும்பத்தில் சொல்லிக்கொடுத்தது இது: பெண்சாதி கண்ணை மூடினால் நிக்காஹ் அத்தோடு அறுந்தது. புருசன் முகத்தைப் பார்க்கலாம், தொடக்கூடாது. குளிப்பாட்டுவது பெண்கள் வேலை. திறந்து கிடந்த கண்ணைக்கூட அவர் துண்டின் நுனியால்தான் மூடிவிட்டார்.

குளிப்பாட்டாமல் மண்ணுக்குக் கொடுக்க முடியாது. கோயமுத்தூரில் அவர்கள் இருந்த தெருவில் ஒரு மவுத்து விழுந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் செய்தி போகும். அண்டாவில் தண்ணீர் காய்வதற்குள் நாலு பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள். இது அந்தத் தெரு இல்லை. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையேறி, ஜீப் போகிற மண்ரோடும் முடிந்து, அதற்கப்புறம் ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க நடந்தால் இந்தத் தகர வீடு. பக்கத்து வீடு என்று ஒன்று உண்டு, ஒரு சரிவு இறங்கினால். அதில் ஒரு பெண்ணும் உண்டு. ராசாத்தாள் என்று பேர். அவள் இந்த வாசலை மிதித்து மாசக்கணக்கு ஆகிவிட்டது. மிதிக்கவிடாமல் பண்ணியது அமீர் ஹம்சாதான்.

ஆள் யாரென்று சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

உக்கடத்தில் அவருக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. வாசல் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக்குக் கைப்பிடி என்று வருகிற வேலை எதையும் விடமாட்டார். பேச்சு கொஞ்சம். பேசினாலும் அதட்டுகிற மாதிரி இருக்கும். மெஹராஜ் கழிவுப்பஞ்சு குடோனில் பஞ்சு பிரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வேலைதான். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு போய், சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளையாக வீடு திரும்புவாள். அவர் கிண்டலுக்கு, மாவு மில்லுக்குப் போய் வந்தாயா என்று கேட்பார். ஐம்பது வயதை நெருங்கும்போது அவளுக்கு இரும ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இனி வெளியே வராது என்று டாக்டர் சொன்னார். புகையும் தூசியும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் நாள் தள்ளலாம் என்றும் சொன்னார்.

டாக்டர்கள் எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான். யாரும் அதைக் கேட்டுக்கொண்டு மலையேறிவிடுவதில்லை. அமீர் ஹம்சா ஏறினார்.

உடுமலைப் பக்கம் தம்பிதுரை என்று ஒரு பண்ணைக்காரருக்கு மலைத்தோட்டம் இருந்தது. பழைய எஸ்டேட்டை நாலாக உடைத்து விற்றபோது வாங்கியது. அங்கே வேலி போடுகிற வேலைக்குப் போன அமீர் ஹம்சா, கூலிக்குப் பதிலாக மேல்மூலையில் ஒரு துண்டு நிலம் கேட்டார். வெறும் பாறையும் புதருமான இடம். பாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துத்தான் தம்பிதுரை எழுதிக்கொடுத்தார்.

வீட்டை அவர் உக்கடம் பட்டறையிலேயே செய்தார். சதுரக் குழாயில் சட்டம், உள்ளே ஒரு தகரம், வெளியே ஒரு தகரம், நடுவில் தெர்மாகோல். ஒரு மினி லாரியின் பெட்டி அளவுதான் இருக்கும். துண்டு துண்டாகக் கழற்றி, குமாரசாமி என்கிற ஜீப்காரரை வைத்து ரோடு முடிகிற இடம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து தலைச்சுமையாக ஏற்றி, மேலே வைத்து போல்ட்டு முடுக்கினார். உள்ளே கட்டில் என்று தனியாக இல்லை. சுவரோடு பற்றவைத்த இரும்புச் சட்டத்தின் மேல் பலகை. பலகையைத் தூக்கினால் அடியில் அரிசி, துணிமணி. சுவரில் மடக்கி வைத்திருக்கிற தகடு விரித்தால் சாப்பாட்டு மேஜை. கிழக்கே ஒரு ஜன்னல். கூரை மேல் சோலார் தகடுகள், பின்புறம் பேட்டரிப் பெட்டி. கம்பம் நட்டு லைன் இழுக்கிற இடம் இல்லை அது.

சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிப் பையன்கள் சிலர் ஒருமுறை வழி தவறி மேலே வந்துவிட்டு அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். கரண்டு ஆபீஸ் சங்காத்தமே இல்லாமல் இப்படி வாழ்வதற்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கிறதாம், அதைச் சொல்லி, நீங்க பெரிய ஆளுண்ணா என்று கையைக் குலுக்கினார்கள். இருமல் வந்தால் நீங்களும் வருவீங்க தம்பி என்று மெஹராஜ் உள்ளிருந்து சொன்னாள்.

மலை அவளை ஏமாற்றவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வந்த புதிதில் ஒரு மாசம் இழுத்தது. அப்புறம் பாதை வரைக்கும் தானாக நடந்து போனாள். அவரை, மிளகாய் போட்டாள். ஐந்தாறு வருசம் அந்த மலைக் காற்று அவளுக்கு மருந்தாக இருந்தது. வெயிலைப் பார்த்து அரிசி ஊறப்போடுவாள். உச்சி வெயிலில்தான் மிக்ஸி ஓடும். பேட்டரியில் எவ்வளவு மீதி என்று காட்டுகிற டப்பாவில் கோடு கோடாக விளக்கு எரியும். நாலு கோடு என்றால் ராத்திரி ஃபேன் உண்டு. இரண்டு கோடு என்றால் ஒரு பல்பு. ஒரு கோட்டுக்கு வந்துவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அல்லாஹ்வின் நிலா வெளிச்சத்தில் சாப்பிட வேண்டியது. ஊரில் ஜனங்கள் மணி பார்க்கிற மாதிரி அந்த வீட்டில் கோடு பார்ப்பார்கள்.

ராசாத்தாளும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வருவாள். புருசன் செத்து, பையன் திருப்பூரில் இருக்க, பத்துப் பதினைந்து ஆட்டோடு தனியாகக் காடு பார்க்கிற பெண். மத்தியானத்தில் போனைச் சார்ஜ் போட வந்து, அது ஏறுகிற வரைக்கும் மெஹராஜோடு உட்கார்ந்து பேசுவாள். பெரும்பாலும் சண்டை பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும் பேச்சு. உன் ஊட்டுக்காரர் சிரிச்சு நான் ஒரு தரம் பாத்துப்போட்டா எங்காட்டுல பாதிய எழுதி வெச்சர்றேன் அம்மணி என்பாள். எனக்கே காட்டல, உனக்கெங்கக்கா காட்டப்போறாரு என்பாள் மெஹராஜ். அவர் கேட்காத மாதிரி வெளியே எதையாவது ராவிக்கொண்டிருப்பார்.

போன தைக்கப்புறம் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை மலைக்காற்று போதவில்லை. சரவணம்பட்டியில் இருக்கிற மகள் சமீரா மேலே வந்து, கீழே வந்துவிடுங்கள் என்று அழுதாள். பிளாட்டில் லிப்ட் இருக்கிறது, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும் என்றாள். மெஹராஜ் அசையவில்லை. அந்த ஊர்த் தூசிக்குள் திரும்பப் போய்ச் சாகமாட்டேன் என்று ஒரே பிடி. கடைசியில் சமீரா காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றை வாங்கி ஏற்றிவிட்டுப் போனாள். அதைப் போட்டால் மெஹராஜுக்கு உதடு சிவக்கும். நிறுத்தினால் நீலம் பாரிக்கும்.

அந்த மெஷின் கரண்டைக் குடித்தது. அதோடு வீட்டில் ஃபேன் நின்றது, மிக்ஸி நின்றது. ராசாத்தாள் வழக்கம்போலப் போனை எடுத்துக்கொண்டு வந்தபோது அமீர் ஹம்சா வாசலிலேயே மறித்தார். இனிமேல் இங்கே சார்ஜ் போட முடியாது என்றார். ஒரு கோடு ஏத்திக்கறனுங்க பாய், போதும் என்றாள். அவள் குடிக்கிற மூச்சை உனக்குப் பிடித்துத் தரச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டார். சொன்ன விதம் அப்படி. ராசாத்தாள் திரும்பிப் போனாள். ஆடு மேய்க்கிற மேட்டில் சிக்னல் எடுக்கும் அந்தப் போன் செத்துக் கிடந்தது. அந்த வாரத்தில்தான் பவானியில் அவள் அண்ணன் இறந்தார். பையன் போட்ட போன் ஒன்றும் போய்ச் சேரவில்லை. கருமாதியெல்லாம் முடிந்து, யாரோ மலையேறி வந்தவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் அவள் மேலே வரவில்லை. மெஹராஜ் சத்தம் போட்டுக் கூப்பிட்டும் வரவில்லை.

ஆடி பிறந்தது. அமீர் ஹம்சா கோயமுத்தூர்க்காரர். அந்த ஊரில் ஆடி என்றால் காற்றும் சாரலும்தான். எந்த மழையானாலும் ஒரு நாளுக்கு மேல் சூரியன் ஒளிந்து அவர் பார்த்ததில்லை. மலைக்கு வந்த பிறகு ஆடி மாச மூட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் எரிய வேண்டியது ஒரு பல்புதான்; இப்போது மெஷின். வந்தபோது கொண்டுவந்த டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதன் புகை மெஹராஜுக்கு ஆகவில்லை என்று, மெஷின் வந்த கையோடு அதைக் குமாரசாமியிடம் கொடுத்து, பதிலுக்கு இன்னும் இரண்டு சோலார் தகடு வாங்கி மேலே போட்டார். வெயிலடித்தால் அது நல்ல யோசனைதான்.

இந்த வருசம் மூட்டம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மத்தியானமும் சாயங்காலமும் ஒரே நிறம். கூரையில் இத்தனை தகடு இருந்தும் ஒரு பொட்டுக் கரண்டு இறங்கவில்லை. கைவசம் இருந்த ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் தீர்ந்தது. குமாரசாமி அடுத்ததை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று கீழே ஓடையில் தண்ணீர் வந்து தரைப்பாலத்தை மூடிவிட்டது. வழியில் மரமும் சாய்ந்தது. மெஹராஜ் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்.

“எத்தனை கோடு இருக்குதுங்க?”

இரண்டு இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

விடிந்து சாரல் கொஞ்சம் விட்டதும் அவர் சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறினார். போனிலும் சார்ஜ் சாகிற நிலைமைதான். முதலில் சமீராவைக் கூப்பிட்டார். அம்மா போயிட்டா கண்ணு என்றார். அப்புறம் சமீரா அழாமல் பேசினாள்.

“நான் வாரேன். நான் வந்து குளிப்பாட்டிக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. கேட்டுதுங்களா அத்தா?”

பாறையிலிருந்து பார்த்தால் ஓடை தெரியும். பாலம் இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. இந்தத் தண்ணீர் நாளைக்கும் வடியாது, வராதே என்றார். அவள் அதற்குள் வைத்துவிட்டாள்.

அடுத்து, பழைய மஹல்லா பள்ளிவாசல் ஹஜ்ரத் அப்துல் மஜீத்தைக் கூப்பிட்டார். ஹஜ்ரத் விஷயத்தைக் கேட்டு துஆ ஓதிவிட்டு, மழைக்காலம், மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், சாயங்காலத்துக்குள் அடக்கிவிடுங்கள் என்றார். பெண்கள் யாருமே இல்லையா என்று கேட்டார்.

“ஒரு அம்மா இருக்காங்க ஹஜ்ரத். நம்ம ஆளுங்க இல்லைங்க. கவுண்டரம்மா.”

“இருக்கட்டும். பொம்பளதானே? நீங்க வெளிய நின்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, அவங்க செய்யட்டும். கிதாபுல அதுக்கு எடமிருக்குது.”

அவர்களும் வரவில்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டார் அமீர் ஹம்சா. அப்போது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுத்தமான மண்ணைத் தொட்டு, அவள் முகத்திலும் கையிலும் தடவிவிட்டுக் கபன் துணியைச் சுற்றுங்கள், தண்ணீருக்குப் பதில் அதுவே போதும் என்றார் ஹஜ்ரத். கபன் போட்ட பிறகு நீங்களே தூக்கலாம், தடையில்லை என்றும் சொன்னார். குளிப்பாட்டுகிற முறையைச் சொல்ல ஆரம்பித்தபோது போன் அணைந்தது.

மண்ணைத் தடவுவது. தப்பில்லை, மார்க்கத்தில் உள்ளதுதான். ஆனால் வாழ்நாளெல்லாம் தூசியைத் தின்று தூசியால் செத்தவளை, முகத்தில் இன்னும் ஒரு கை தூசியைத் தடவி அனுப்ப அவரால் முடியாது. பாறையில் நின்று அதை மட்டும் யோசித்துவிட்டு நேராக ராசாத்தாள் வீட்டுக்கு இறங்கினார்.

அவள் ஆட்டுப்பட்டியில் இருந்தாள். அவர் தட்டிக்கு வெளியே நின்றார்.

“மெஹரு போயிட்டாளுங்க அக்கா.”

ராசாத்தாள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஒரு குட்டியை நகர்த்திவிட்டு, எப்பங்க என்று கேட்டாள். விடியறப்ப என்றார். அவர் வந்த காரியத்தைச் சொன்னார். வழக்கம் இன்னதென்றும், தான் தொடக்கூடாதென்றும், மகள் வர வழியில்லை என்றும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் வந்து அவள் கேட்டதில்லை.

“எங்கண்ணனத் தூக்கறப்ப நான் இங்க ஆட்டுக்குத் தழை ஒடிச்சிட்டிருந்தனுங்க பாய். பவானியில என்னைய எல்லாரும் தேடுனாங்களாமா. நெனப்பிருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“ஒரு கோடு. அதைத்தான கேட்டேன்.”

மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்டால் வேலைக்காகக் கேட்கிற மாதிரி ஆகும். சரிங்க என்று திரும்பினார். சரிவில் பாதி ஏறியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சோப்பு இருக்குதுங்களா ஊட்ல?”

நின்றார். இருக்கிறது, கற்பூரம்தான் இல்லை, கடைசித் தண்ணீரில் கலக்க வேண்டும் என்றார். கற்பூரமா என்று அவள் ஆச்சரியமாகக் கேட்டாள். உங்களுக்குமா என்றாள். உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு வந்தாள்.

“உங்களுக்காக வரலீங்க. நான் தொட்டா உங்க சாமி ஏத்துக்குமா?”

“ஹஜ்ரத் ஏத்துக்கும்னு சொன்னாருங்க.”

“அவரு சொன்னா ஆச்சுங்களா? செத்தவ ஏத்துக்கோணுமே. பத்து தரம் கூப்புட்டா. நான் போகல.”

வெளி அடுப்பில் ஈர விறகு புகைந்து புகைந்து தண்ணீர் காய்ந்தது. சுவரோரக் கட்டில் பலகை மேல் மெஹராஜ் கிடந்தாள். அமீர் ஹம்சா குடத்தையும் மக்கையும் உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். ஜன்னலுக்குத் துணி கட்டினார். அப்புறம் பின்பக்கம் போய், பலகைக்கு நேரே, தகரச் சுவரில் முதுகை வைத்து நின்றுகொண்டார். அவர் கையால் பற்றவைத்த சுவர். ஒரு கை அகலம்தான் கனம். உள்ளே மக்கு குடத்தில் மோதுகிற சத்தம் முதுகெலும்பில் வந்து இடித்தது.

தன் அத்தாவைக் குளிப்பாட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்த ஞாபகம் இருந்தது. அதை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் துணி மூடியே இருக்கட்டும்ங்க. கையில துணியச் சுத்திக்கிட்டு அடியில கழுவுங்க. வயித்தை மெள்ள ஒரு தரம் அமுத்துங்க. அப்புறம் முகம். அப்புறம் வலது கை, முழங்கை வரைக்கும், மூணு தரம். அப்புறம் இடது.

உள்ளே தண்ணீர் சத்தம். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஆச்சுங்க என்று ராசாத்தாள் சொன்னாள். நடுநடுவே மெஹராஜிடமும் பேசினாள். காத்தாட்டம் ஆயிட்டயே அம்மணி, என்னத்தத் தின்ன நீ. கொஞ்சம் திரும்பு. இந்தப் பக்கம். ஆமா, அப்படித்தான்.

திடீரென்று தண்ணீர் சத்தம் நின்றது.

“பாய், கழுத்துல கருகமணி கெடக்குதுங்க. என்ன பண்றது?”

நிக்காஹ் அன்றைக்குக் கட்டிய மணி. அமீர் ஹம்சா தகரத்தில் தலையைச் சாய்த்தார். ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது, எடுத்துவிடுங்கள் என்றார். கொக்கி துருப்பிடித்து இறுகிவிட்டது, கழற்ற வரவில்லை என்றாள். கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் கழித்து ஜன்னல் துணிக்கு அடியில் ராசாத்தாளின் கை வந்தது. உள்ளங்கையில் கருகமணி ஈரமாக இருந்தது. அவர் தன் கை அவள் கையில் படாமல் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வலது பக்கம் முழுக்க ஊத்துங்க, தோளிலிருந்து கால் வரைக்கும் என்றார். அப்புறம் இடது பக்கம். திருப்பும்போது தனியாக அவளால் முடியவில்லை, பலகை கிறீச்சிட்டது, மூச்சு வாங்கியது. ஒரு கை பிடிக்க வழியில்லாமல் அவர் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளங்கை இரண்டையும் தகரத்தில் அழுத்திக்கொண்டு நின்றார்.

“முதுகுல புண்ணு இருக்குதுங்க,” என்றாள் ராசாத்தாள். “மருந்து பூசியிருக்குது. அதைக் கழுவட்டுமா?”

“மெள்ளக் கழுவுங்க. எரியும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. உள்ளே தண்ணீர் மெள்ள, மிக மெள்ள விழுந்தது.

தலையைக் கழுவி, முடியை இரண்டாகப் பிரித்து நெஞ்சின் மேல் போடச் சொன்னார். கடைசியாகக் கற்பூரத் தண்ணீர். துவட்டினாள். பெண்ணுக்கு ஐந்து துணி வேண்டும். அவருடைய ஜும்ஆ வேட்டிகள் இரண்டையும், மெஹராஜ் தொழும்போது போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டியையும் கிழித்து அளவு பார்த்து முன்னமே உள்ளே வைத்திருந்தார். எது முதலில், எது மேலே என்று அவர் சொல்லச் சொல்ல ராசாத்தாள் சுற்றினாள். முடிந்ததும் கதவு திறந்தது. அவள் புடவை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது.

“இப்பத் தொடலாமுங்களா நீங்க?”

“இப்பத் தொடலாமுங்க.”

அவள் விலகி வழிவிட்டாள்.

குழி வெட்ட மாசாணம் வந்திருந்தார். மேலே மலைவாசிக் குடியிருப்பில் இருக்கிறவர். புகையைப் பார்த்துவிட்டுத் தானாக வந்தவர். நிலத்தின் மேல்மூலையில் கடப்பாரை போட்ட இடமெல்லாம் கல்லாக வந்தது. வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது; தகர டப்பாவால் மொண்டு ஊற்றிக்கொண்டே வெட்டினார்கள். உள்ளே மண் சரியாமல் மேலே அடைக்கப் பலகை வேண்டும். அமீர் ஹம்சா வீட்டுக்குள் போய், அவள் கிடந்த கட்டில் பலகைகளைக் கீல் ஸ்குரு கழற்றி எடுத்து வந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு அவர் ஒருவர்தான். முன்னால் நிற்க இமாம் இல்லை, பின்னால் நிற்க வரிசை இல்லை. ஈர மண்ணில் தனியாக நின்று தக்பீர் சொன்னார். மாசாணமும் ராசாத்தாளும் தள்ளி நின்றார்கள்.

இறக்கும்போது அவர் குழிக்குள் நின்று இரண்டு கையாலும் வாங்கினார். துணிக்குள் அவள் கனமே இல்லை. முகத்தை மேற்கே திருப்பி வைத்துவிட்டு உடனே எழவில்லை. மாசாணம், பாய் மழை வருதுங்க என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டினார்.

ராசாத்தாள் ஓடைக்கரையிலேயே மொண்டு தலைமுழுகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்ததும் சமீரா வந்தாள். குமாரசாமி கைபிடித்துக் கடத்திவிட்டிருந்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து இருட்டுகிற வரைக்கும் அக்கரையிலேயே நின்றிருந்தது புள்ளை, இழுத்து ஜீப்பில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது என்று அவர் மெதுவாகச் சொன்னார். சமீராவின் கையில் பெரிய பை. அதில் புதுக் கபன் துணி, அத்தர், கற்பூரம், எல்லாம் இருந்தன.

அவள் மண்மேட்டைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். பலகை இல்லாத இரும்புச் சட்டத்தைப் பார்த்தாள்.

“யாருங்கத்தா குளிப்பாட்டுனது?”

அவர் கீழே கையைக் காட்டினார்.

“அந்தம்மாவா? நீங்க தொரத்திவிட்ட அந்தம்மாவா?”

“ஆமாங்கண்ணு.”

“கடசியில குளிப்பாட்ட ஒரு ஆளுகூட இல்லாத எடத்துல கொண்டாந்து வெச்சுப்போட்டீங்களே.”

இல்லை, இங்கே வந்ததால்தான் இத்தனை வருசம் இருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஜெனரேட்டரை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் என்பதும் வாய் வரைக்கும் வந்தது. அதுவும் பொய் இல்லை. இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றார். சமீரா பையை வாசலில் வைத்துவிட்டுத் தனியாகச் சரிவில் இறங்கிப் போனாள்.

மேலிருந்து பார்த்தால் ராசாத்தாளின் ஆட்டுப்பட்டி தெரியும், பேச்சுக் கேட்காது. சமீரா தட்டியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ராசாத்தாள் வெளியே வந்தாள். இருவரும் பட்டி ஓரக் கல்லில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ராசாத்தாள், சொல்லத் தெரியாமலோ என்னவோ, சமீராவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரலிலிருந்து முழங்கை வரைக்கும், தண்ணீர் இல்லாமல், உள்ளங்கையால் வழித்துவிட்டாள். ஒரு தரம். இன்னொரு தரம். மூன்றாவது தரம். அப்புறம் இடது கை. முகத்தை இரண்டு கையாலும் துடைத்தாள். தோளைப் பிடித்து மெள்ளத் திருப்பி முதுகைக் காட்டச் சொன்னாள். ஒரு இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, விரல் நுனியால் மட்டும் சுற்றிக் காட்டினாள். கடைசியில் பின்னலை அவிழ்த்து, முடியை இரண்டாகப் பிரித்து, முன்னால் போட்டாள். சமீரா அவள் மடியில் கவிழ்ந்துவிட்டாள்.

அமீர் ஹம்சா இதையெல்லாம் வாயால் சொன்னவர். கண்ணால் பார்த்தது இப்போதுதான். கூப்பிட்டால் இறங்கிப் போகிற தூரம்தான். யாரும் கூப்பிடவில்லை. அவர் அங்கேயே நின்று முழுக்கப் பார்த்தார்.